எஃகாலையில் நீர் தெளிவிக்கும் முறைகளும் தமிழ்க் கலைச்சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்

எஃகாலையில் சுழலும் நீர் படிய வைத்தல், தேற்றல், மணற்படுகை வழிச் செலுத்துதல், வேதிமுறையில் வீழ்படியச் செய்தல் எனத் தம்முள் வேறுபட்ட பல முறைகளால் தெளிவிக்கப்படுகிறது. தமிழில் இவை யாவும் 'வடிகட்டுதல்', 'சுத்திகரித்தல்' என்னும் இரு சொற்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. அதனால் நீரில் மிதப்பது நீங்கியதா, கரைந்திருப்பது நீங்கியதா என்னும் அடிப்படை வேறுபாடு மறைகிறது. சேலம் உருக்காலை போன்ற ஆலைகளின் நீர்ச்சுற்றை விளக்கி, செட்டிநாட்டு அன்றாட வழக்கிலுள்ள நீர்வினைச் சொற்கள் இவ்வேறுபாட்டைக் காட்ட எந்த அளவுக்குப் பயன்படும் என இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எஃகாலை நீர், செதில், தெளிகலம், தேற்றல், மணல் வடிப்பு, கலைச்சொல்லாக்கம், செட்டிநாடு

முன்னுரை

எஃகைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் நெருப்பைப் பற்றியே எழுதுகின்றனர். உலையும் தாதுவும் உருகிய உலோகத்தின் ஒளியும் கண்ணை ஈர்ப்பதால் அது இயல்பே. ஆயினும் ஓர் எஃகாலையின் அன்றாட நடப்பில் நெருப்புக்கு இணையான இடம் நீருக்கு உண்டு. உலக எஃகுச் சங்கம் வெளியிட்டுள்ள கணக்கின்படி, ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக 28.6 கனமீட்டர் நீர் ஆலைக்குள் எடுக்கப்படுகிறது. மின்வில் உலை வழியில் 28.1 கனமீட்டர். இவற்றுள் ஆவியாகியும் பிறவாறும் மீளாமல் போவது முறையே 3.3, 1.6 கனமீட்டர் மட்டுமே. (கடல்நீரை ஒருமுறை பயன்படுத்தி வெளிவிடும் கடலோர ஆலைகளும் இச்சராசரியில் அடங்கும்.) எஞ்சிய நீர் வெளிவருகிறது. அது எந்நிலையில் வெளிவருகிறது என்பதும், அந்நிலையைத் தமிழில் எச்சொல்லால் கூறுகிறோம் என்பதும் இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினாக்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு அருகிலுள்ள சான்று சேலம் உருக்காலை. மக்கள் வழக்கில் 'இரும்பாலை'. காந்த இரும்புத் தாது கொண்ட கஞ்சமலையின் அடிவாரத்தில் 1970 செப்டம்பர் 16 அன்று இந்திரா காந்தி இதற்கு அடிக்கல் நாட்டினார். 1981இல் குளிர் உருட்டுப் பிரிவுடன் உற்பத்தி தொடங்கியது. சூடான உருட்டுப் பிரிவு 1990களிலும், மின்வில் உலையும் தொடர்வார்ப்பும் கொண்ட உருக்குப் பிரிவு 2010ஆம் ஆண்டையொட்டியும் சேர்ந்தன. தமிழர் வீடுகளில் 'எவர்சில்வர்' எனப்படும் துருவேறா எஃகுத் தகடே இதன் முதன்மை விளைபொருள். நாணய வில்லைகளும் இங்கு வெட்டப்பட்டுள்ளன. மேட்டூர் வட்டாரத்துப் பொட்டனேரியில் உள்ள ஜேஎஸ்டபிள்யூ நிறுவனத்தின் ஆலையோ ஊதுலை வழியைச் சார்ந்தது. ஆக, எஃகு உருவாக்கத்தின் இரு பெருவழிகளும் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்துள்ளன.

செட்டிநாட்டில் பெரிய எஃகாலை எதுவும் இல்லை. எனினும் இரு காரணங்களால் இவ்வட்டாரம் ஆய்வுக்குள் வருகிறது. ஒன்று, காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பட்ட இந்நிலையம், குளிர்நீர்க் குழாய்களில் நிகழும் அரிமானம், நுண்ணுயிர்ப் படிவு ஆகியவற்றைப் பற்றித் தொடர்ந்து ஆய்ந்துவருகிறது. மற்றொன்று, சொல்வளம். காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையிலுள்ள பிள்ளையார்பட்டி இக்கட்டுரையாளரின் ஊர். மழையை நம்பி வாழும் இப்பகுதியின் வீடுகளில் நீரையும் தானியத்தையும் தூய்மையாக்கும் வினைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் இன்றும் புழங்குகின்றன: அரிசியில் கல் அரிப்பர்; மாவைச் சலிப்பர்; சோற்றை வடிப்பர்; புளிக்கரைசலின் தெளிவை இறுப்பர்; குடத்து வாயில் துணி கட்டி நீரை வடிகட்டுவர்; கலங்கல் நீரைத் தேற்றாங்கொட்டையால் தேற்றுவர். இச்சொற்களில் எந்த இரண்டும் ஒரே வினையைக் குறிப்பவை அல்ல. எஃகாலையின் நீர்ச்சுற்றிலும் ஏறத்தாழ இவ்வினைகளே, இதே வேறுபாடுகளுடன் நிகழ்கின்றன.

நீர் எதைத் தொடுகிறது

எஃகாலை நீரை வகைப்படுத்தப் பயன்படும் முதல் வினா, அந்நீர் எஃகைத் தொடுகிறதா என்பதே. தொடர்வார்ப்பில் ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியசில் உள்ள உருகிய எஃகு, அடியில்லாச் செப்பு அச்சு ஒன்றினுள் ஊற்றப்படுகிறது. அச்சின் சுவருக்குள் நீர் ஓடுகிறது. எஃகுக்கும் நீருக்கும் இடையில் சில சென்டிமீட்டர் தடிப்புள்ள செம்பு மட்டுமே இருந்தாலும் அந்நீர் எஃகைத் தொடுவதில்லை. வெப்பத்தை மட்டும் வாங்கிச் செல்கிறது. இது மறைமுகக் குளிர்விப்பு. அச்சிலிருந்து இறங்கும் எஃகுக்கு வெளித்தோல் மட்டுமே உறைந்திருக்கும். உள்ளே இன்னும் குழம்பு. அந்தத் தோலின்மீது நூற்றுக்கணக்கான முனைகளிலிருந்து நீர் தூவப்படுகிறது. இது நேரடிக் குளிர்விப்பு. இந்நீர் செதிலையும் எண்ணெயையும் வார்ப்புத் தூளையும் வாரிக்கொண்டு விழுகிறது. மூன்றாவது வகை, அமிலத்தொட்டியிலிருந்து வரும் தகட்டைக் கழுவும் நீர். இது எஃகைத் தொடுவதோடு எஃகிலிருந்து கரைந்தவற்றையும் ஏற்கிறது.

இம்மூன்று வகைக்கும் மூன்று விதமான தூய்மை வேண்டும். அச்சுக்குள் ஓடும் நீரில் மிதக்கும் துகளைவிடக் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பே பகை. அது செம்பின்மீது மெல்லிய படிவாக ஒட்டினாலும் வெப்பம் வெளியேறாமல் அச்சு உருக்குலையும். ஆகவே அங்கு மென்னீரோ உப்பு நீக்கிய நீரோ மூடிய சுற்றில் ஓடும். தூவும் நீருக்கோ கொஞ்சம் உப்பு இருந்தாலும் தாழ்வில்லை; ஆனால் முனையை அடைக்கும் துகள் இருத்தலாகாது. ஒரு முனை அடைபட்டால் எஃகின் ஒரு பகுதி குளிர்ந்தும் மற்றொரு பகுதி சூடாகவும் நின்று தகட்டில் வெடிப்பு உண்டாகும். துகளில்லாமை என்பது ஒரு தூய்மை, உப்பில்லாமை என்பது வேறொரு தூய்மை. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருக்கும் எனக் கொள்ள முடியாது.

தொடுகையை வைத்து நீரைப் பிரிக்கும் இவ்வழக்கம் செட்டிநாட்டாருக்குப் புதிதன்று. ஊருணி குடிப்பதற்கு, அதில் கால் நனைத்தல் தகாது. குளிக்கவும் துவைக்கவும் வேறு குளம். மாடு இறங்குவது கண்மாயில். மூன்றும் ஒரே மழையின் நீர்தான். எஃகாலைப் பொறியாளர் நீர்ச்சுற்றுகளைத் தனித்தனிக் குழாயில் வைப்பதற்கும் ஊரார் இவற்றைத் தனித்தனிக் கரையில் வைத்ததற்கும் காரணம் ஒன்றே: ஒருமுறை கலந்ததைப் பிரிப்பது, கலக்காமல் வைப்பதைவிடக் கடினம்.

செதிற்குழியும் கல் அரித்தலும்

உருட்டாலைக்குச் செல்லுமுன் எஃகுப் பாளம் 1100 முதல் 1250 டிகிரி வரை சூடாக்கப்படுகிறது. காற்றுப்பட்டதும் அதன் மேற்பரப்பு ஆக்சைடாகி மீன்செதில்போல் பெயரும். இதனைத் தொழிலாளர் 'ஸ்கேல்' என்பர். உருளைகளுக்குள் புகுமுன் இச்செதிலை மிகை அழுத்த நீர்ப்பீய்ச்சலால் உரித்தெடுப்பர். இல்லாவிடில் அது எஃகின்மேல் அழுந்திக் குழியாகும். உரிந்த செதிலும் உருளைகளின் மசகெண்ணெயும் கலந்த நீர், தரைக்கடியிலுள்ள வாய்க்கால் வழியே செதிற்குழிக்குச் செல்கிறது.

செதிற்குழியில் வடிகட்டி எதுவும் இல்லை. எடை மட்டுமே அங்கு வேலை செய்கிறது. செதிலின் அடர்த்தி நீரைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். ஓட்டம் தணிந்தவுடன் பெருந்துகள்கள் அடியில் தங்கிவிடும். நீர் மேலே வழிந்து செல்லும். அரிசி களையும்போது பாத்திரத்தை அசைத்து அரிசியை நீரோடு மேலேற்றிக் கல்லை அடியில் நிறுத்தும் கல் அரித்தலும் இதுவே. அடுத்து வரும் நீர்ச்சுழற்பிரிப்பானில் நீர் கூம்புக்குள் சுழற்றப்படுவதால் எடையின் பங்கு இன்னும் பெருகி, மேலும் சிறிய துகள்கள் சுவரோரம் ஒதுங்கி இறங்குகின்றன.

எடையை நம்பும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதை எண்ணால் காட்டலாம். நீரில் விழும் சிறுதுகளின் வேகத்துக்கு ஸ்டோக்ஸ் 1851இல் தந்த விதிப்படி, துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் விழும் வேகம் நூற்றில் ஒன்றாகும். 100 மைக்ரான் செதில் ஒரு மீட்டர் ஆழத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். 10 மைக்ரான் செதிலுக்கு அதே ஆழத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ ஐந்து நாள். அதுவும் அசையாத நீரில். மணிக்கு ஆயிரக்கணக்கான கனமீட்டர் ஓடும் ஆலையில் ஐந்து நாள் நீரை நிறுத்திவைக்கும் தொட்டி கட்ட இயலாது. எண்ணெய் பூசிய நுண்செதிலோ இக்கணக்குக்கும் அடங்காது. எண்ணெய் அதை மிதக்க வைக்கிறது.

இங்கு ஒரு சொற்சிக்கல். 'அரித்தல்' செதிற்குழியின் வினைக்கு மிகப் பொருந்தும் சொல்லாயினும் அதைக் கலைச்சொல்லாக ஏற்பது அரிது. துரு இரும்பை அரிக்கிறது. 'அரிமானம்' வேதியியலில் நிலைத்துவிட்டது. நீர்க்குழாயைப் பற்றிய ஒரே பத்தியில் இரு அரிப்புகளும் வந்தால் மாணவர் தடுமாறுவார். ஆகவே 'செதிற்குழி' என இடப்பெயரால் சுட்டுவதே தக்கது.

'ஸ்கேல்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நிலை இதற்கு நேர்மாறு. உரிந்த எஃகுச் செதிலும் ஸ்கேல். குழாய்க்குள் படியும் சுண்ணாம்பும் ஸ்கேல். முன்னது மிதந்து அடைப்பது, வடிகட்டிக்குச் சிக்குவது. பின்னது கரைந்து வந்து ஒட்டுவது, வடிகட்டிக்குச் சிக்காதது. ஆலைப் பேச்சில் இரண்டும் ஒரு பெயரால் வழங்குகின்றன. தமிழில் முன்னதைச் 'செதில்' என்றும், பின்னதை உப்புத்தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தைப் பற்றி வீட்டில் சொல்வதுபோல் 'உப்புப் படிவு' என்றும் பிரித்துக் கூற எந்தத் தடையும் இல்லை. மூலமொழியில் இல்லாத தெளிவைத் தமிழ் தரக்கூடிய இடம் இது.

தேற்றல்

ஐந்து நாள் காத்திருக்க இயலாத நுண்துகளுக்கு வழி, அதைப் பெரிதாக்குவதே. நீரிலுள்ள நுண்துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் அவை சேர்வதில்லை. படிகாரம், இரும்புக் குளோரைடு போன்ற உப்புகளைச் சேர்த்தால் அம்மின்னேற்றம் தணிகிறது; பின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளான பல்மின்பகுளிகளைச் சிறிதளவு சேர்த்து மெல்லக் கலக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பஞ்சுபோல் திரள்கின்றன. திரள் கனத்து இறங்குகிறது. இது நிகழும் வட்டத் தொட்டியே தெளிகலம். மெதுவாகச் சுழலும் வாரி அடிச்சேற்றை நடுவுக்குத் தள்ள, தெளிந்த நீர் விளிம்பில் வழிகிறது. எண்ணெய் மேற்பரப்பில் வழித்தெடுக்கப்படுகிறது. ஊதுலையின் வளிமத்தைக் கழுவிய நீரில் செதிலைவிட மிக நுண்ணிய தூசு இருப்பதால் அங்கு இவ்வினை இன்றியமையாதது.

தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்சுவரில் இழைத்துக் கலங்கல் நீரை ஊற்றிவைக்கும் வழக்கம் இதே வினையைச் சார்ந்தது. கொட்டையிலிருந்து கரையும் இயற்கைப் பலபடிகள் துகள்களைப் பிணைக்கின்றன. இவ்வழக்கின் தொன்மைக்குக் கலித்தொகை சான்று. அந்நூலின் நெய்தற்கலிப் பாடலொன்று, கலக்கம் நீங்கிய தலைவியின் நிலைக்குத் தேற்றாவின் விதையால் தெளிந்த நீரை உவமையாக்குகிறது. மரத்தின் பெயரே வினையிலிருந்து வந்திருப்பது நோக்கத்தக்கது.

ஆகவே துகள்களைத் திரட்டித் தெளிவிக்கும் வினைக்குத் 'தேற்றல்' என்றும், அதற்கான பொருளுக்குத் 'தேற்றுபொருள்' என்றும் ஆளலாம். இன்று 'தேற்றுதல்' என்றதும் ஆறுதல் கூறுதலே நினைவுக்கு வரும். 'தேற்றம்' கணிதத்துக்குப் போய்விட்டது. இலக்கணம் பயின்றோர்க்குத் தேற்றேகாரம் நினைவுக்கு வரலாம். இவை யாவும் ஐயமும் கலக்கமும் நீங்குதல் என்னும் ஒரே பொருளிலிருந்து கிளைத்தவை என்பதால் நீரைப் பற்றிய பொருளை மீட்பது அத்துமீறல் ஆகாது எனக் கருதுகிறேன்.

'தெளிகலம்' என்று இங்கு ஆள்வதற்கும் காரணம் கூற வேண்டும். தெளிவிக்கும் தொட்டியைத் 'தெளிப்பான்' என அழைக்கச் சொல்லமைதி இடந்தருகிறது. 'தெளித்தல்' என்பதற்குத் தெளியச் செய்தல், தூவுதல் ஆகிய இரு பொருளும் உண்டு. ஆனால் மருந்து தெளிக்கும் கருவியே 'தெளிப்பான்' என உழவர் வழக்கில் ஊன்றிவிட்டது. எஃகாலையிலோ தூவும் முனைகளும் தெளிவிக்கும் தொட்டியும் ஒரே சுற்றின் இரு முனைகளில் உள்ளன. 'தெளிப்பான் அடைத்துக்கொண்டது' என்று ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டால், வார்ப்பை நிறுத்த வேண்டுமா, சேற்றை வெளியேற்ற வேண்டுமா என்பது விளங்காது. தொட்டியைத் 'தெளிகலம்' என்றும், கருவியைத் 'தூவுமுனை' என்றும் பிரித்தால் இவ்விடர் நீங்கும்.

மணல் ஒரு சல்லடை அன்று

தெளிகலத்திலிருந்து வழியும் நீர் அழுத்த மணல் வடிகட்டிக்குச் செல்கிறது. இதைப் பற்றிய பொதுவான எண்ணம், மணலின் இடைவெளியை விடப் பெரிய துகள் சிக்கிக்கொள்கிறது என்பது. அளவுகள் அதற்கு ஒத்துவரவில்லை. வடிகட்டி மணலின் பருமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர். அதன் இடைவெளிகள் நூறு மைக்ரான் அளவிலானவை. ஆனால் 10 மைக்ரான் துகளும் அதில் நின்றுவிடுகிறது. நீர் வளைந்து வளைந்து செல்லும்போது துகள் மணற்பரப்பில் மோதியும் இறங்கியும் ஒட்டிக்கொள்கிறது என்பதே விளக்கம். சல்லடை தன் துளையால் பிரிக்கிறது; மணற்படுகை தன் ஆழத்தால் பிரிக்கிறது. தேற்றல் சரிவர நிகழாத நீரின் துகள் மணலில் ஒட்டாது நழுவிவிடும் என்பதும் இதனால் புரியும்.

மணலின்மேல் பருத்த ஆந்த்ரசைட் நிலக்கரித் தூளை அடுக்கும் வழக்கமும் உண்டு. மேலடுக்கு பெருந்துகளைத் தன் ஆழத்தில் தாங்க, கீழ்மணல் நுண்துகளைப் பிடிக்கும். இவ்விரண்டும் ஏன் கலந்துபோவதில்லை என்பது சுவையானது. படுகை நிரம்பி அழுத்த வேறுபாடு ஏறியதும், கீழிருந்து மேலாக நீரும் காற்றும் செலுத்திப் படுகையைத் தளர்த்திக் கழுவுவர். தொழிலாளர் 'பேக்வாஷ்' என்பர், 'மறுகழுவல்' எனலாம். கழுவல் முடிந்து படுகை மீண்டும் அமரும்போது அடர்த்தி மிகுந்த மணல் முன்னே இறங்கும். அடர்த்தி குறைந்த நிலக்கரி பின்னே இறங்கும். ஒவ்வொரு மறுகழுவலும் அடுக்கைத் தானே சீர்செய்துகொள்கிறது. இதைக் கெடுப்பது எண்ணெய். எண்ணெய் மிகுந்த நீர் வந்தால் மணலும் செதிலும் உருண்டையாகத் திரண்டு, மறுகழுவலுக்கும் அசையாமல் படுகையின் நடுவில் கிடக்கும். நீர் அதைச் சுற்றி ஓடிவிடும். எண்ணெயைத் தெளிகலத்திலேயே வழித்தெடுக்க வேண்டியது இதனால்தான்.

செதிலில் காந்தத் தன்மையுள்ள ஆக்சைடு இருப்பதால் காந்த வடிகட்டிகளும் எஃகுத்துறையில் பயன்படுகின்றன. மறைமுகச் சுற்றில் குளிர்கோபுரம் காற்றிலிருந்து தூசியை வாங்கிக்கொள்வதால், சுழலும் நீரில் ஒரு சிறு பங்கை மட்டும் பிரித்து மணலில் விட்டு மீண்டும் சேர்ப்பர். இக்கிளைவழி வடிப்பு இல்லாவிடில் தூசி குழாயடியில் படிந்து, படிவின்கீழ் அரிமானம் தொடங்கும்.

மறுகழுவிய நீரும் தெளிகலச் சேறும் செறிவூட்டப்பட்டுப் பிழியப்படுகின்றன. உலர்ந்த பெருஞ்செதில் இரும்புச்சத்து மிகுந்தது. மீண்டும் உலைக்குச் செல்லக்கூடியது. எண்ணெய் தோய்ந்த நுண்சேறு அவ்வளவு எளிதாகத் திரும்புவதில்லை.

வடிகட்டியைக் கடந்து செல்வது

இதுவரை கூறியவை மிதக்கும் பொருளைப் பற்றியவை. துருவேறா எஃகு ஆலையின் கடினமான நீர் வேறு. உருட்டிப் பதப்படுத்திய தகட்டின் மெல்லிய ஆக்சைடை நீக்க அதனை நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த தொட்டியில் அமிழ்த்துவர். (ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தால் ஊறுகாய் போடுவதாக முடியும், 'அமிலத் துலக்கல்' என்பது பொருந்தும்.) துலக்கிய தகட்டைக் கழுவும் நீரில் இரும்பு, குரோமியம், நிக்கல், ஃபுளோரைடு ஆகியவை கரைந்திருக்கும். இவற்றை எத்தனை நுண்ணிய மணலும் நிறுத்தாது.

கரைந்ததை முதலில் கரையாததாக்க வேண்டும். ஆறிணைதிறக் குரோமியம் இருப்பின் அமில நிலையில் சோடியம் பைசல்ஃபைட்டு சேர்த்து அதை மூவிணைதிற வடிவுக்குக் குறைப்பர். பின் சுண்ணாம்பு சேர்த்தால் உலோகங்கள் ஹைட்ராக்சைடுகளாகவும் ஃபுளோரைடு கால்சியம் ஃபுளோரைடாகவும் வீழ்படியும். அதன் பிறகே படிய வைத்தலுக்கும் வடிகட்டலுக்கும் வேலை உண்டு. வரிசை மாறினால் வடிகட்டி இருந்தும் பயனில்லை.

சட்டம் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வரம்பின்படி, உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திண்மம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆறிணைதிறக் குரோமியம் 0.1 மில்லிகிராமை மீறக் கூடாது. ஆயிரம் மடங்கு வேறுபாடு. 100 மில்லிகிராம் மிதக்கும் திண்மம் உள்ள நீர் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரியும். வரம்பைப்போல் இருமடங்கு குரோமியம் உள்ள நீர் கண்ணாடிபோல் இருக்கும்.

குளிர்கோபுரத்திலும் இதே நிலை, நச்சின்றி. மணிக்கு 1000 கனமீட்டர் சுழலும் நீரை 10 டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 17 கனமீட்டர் ஆவியாக வேண்டும். ஆவி உப்பைக் கொண்டுசெல்வதில்லை. எஞ்சிய நீரில் உப்பு செறிகிறது. இருமடங்கு செறிவில் நிறுத்த வேண்டுமாயின் 17 கனமீட்டரைக் கழித்துவிட்டு 34 கனமீட்டர் புதுநீர் சேர்க்க வேண்டும். நான்கு மடங்கு வரை விட்டால் 6 கனமீட்டருக்குள் கழித்து, 23 கனமீட்டருக்குள் புதுநீர் சேர்த்தால் போதும். செறிவைத் தாங்குவதற்கு அரிமானத் தடுப்பிகளும் படிவுத் தடுப்பிகளும் வேண்டும். காரைக்குடி ஆய்வுகளின் பயன் இவ்விடத்தில் விளங்கும். எவ்வளவு திறமையாக வடிகட்டினாலும் இக்கணக்கு மாறாது.

'ஃபில்டர்' என்னும் சொல்

பள்ளி அறிவியல் பாடநூல்கள் தூற்றுதல், சலித்தல், தெளிய வைத்து இறுத்தல், வடிகட்டுதல், காந்தப் பிரிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே கற்பிக்கின்றன. வளர்ந்தோர் வழக்கில்தான் இவை கலக்கின்றன. அதற்குச் சொல்லின் வரலாறும் ஒரு காரணம். 'வடி' என்னும் வேர் சோற்றின் கஞ்சியை நீக்கவும், துணியில் வடிகட்டவும், காய்ச்சி வடிக்கவும் பயன்படுகிறது. முதல் இரண்டிலும் கரைந்தது நீரோடு செல்கிறது. மூன்றாவதில் கரைந்தது பின்தங்குகிறது. முற்றிலும் எதிரான விளைவுகள். ஆனால் ஒரே வினைச்சொல்.

அண்மைக் காலத்தில் இதனினும் வலிய காரணம் ஒன்று சேர்ந்துள்ளது. வீடுகளில் பொருத்தப்படும் எதிர்ச்சவ்வூடு பரவல் கருவி 'ஆர்.ஓ. ஃபில்டர்' என வழங்குகிறது. அது உப்பை நீக்குவது உண்மை. எனவே ஃபில்டர் என்றால் உப்பையும் நீக்குவது என்னும் பொருள் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. ஆலையின் மணற்படுகையும் ஃபில்டரே. அது உப்பை நீக்குவதில்லை.

இது அகராதிக்குள் முடியும் சிக்கல் அன்று. 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு உட்படும் ஆலைத் திட்டங்களின் அறிக்கைச் சுருக்கம் வட்டார மொழியிலும் தரப்பட வேண்டும். கூட்டத்துக்கு வரும் உழவரோ ஊராட்சி உறுப்பினரோ கையில் வைத்திருப்பது அந்தத் தமிழ்ச் சுருக்கத்தையே. 'கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்படும்' என்னும் வகைத் தொடர் அவருக்கு எதையும் அறிவிப்பதில்லை. 'சுத்திகரிப்பு' விளைவைப் புகழும் சொல்லே தவிர வினையைச் சொல்லும் சொல் அன்று. 'செதில் படியவைக்கப்படும், நுண்துகள் தேற்றப்பட்டு மணலில் வடிக்கப்படும், குரோமியம் வீழ்படிவாக்கப்படும், கரைந்த உப்பு நீக்கப்படாது' என்று எழுதினால் நான்காவது தொடரைப் பற்றி அவர் கேள்வி எழுப்ப முடியும். அத்தொடரை எழுத வேண்டியிருப்பதே பொதுச்சொல்லின் பக்கம் எழுதுவோரைத் தள்ளுகிறதோ என்ற ஐயமும் எழாமலில்லை. எனினும் தக்க சொற்கள் புழக்கத்தில் இல்லாதவரை அந்த ஐயத்தை மெய்ப்பிக்கவும் மறுக்கவும் இயலாது.

கழிவுநீரே வெளியேறாத ஆலை என்னும் இலக்கை நோக்கிச் செல்லும்போது எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் எஃகாலைக்குள்ளும் வருகின்றன. சவ்வைக் கடந்த நீர் மீண்டும் சுற்றுக்குச் செல்லும். கடக்காதது, உள்ளே வந்த உப்பு முழுவதையும் தாங்கிய நீர். ஆலையில் அதை 'ரிஜெக்ட்' என்பர். வீட்டுக் கருவியின் மெல்லிய குழாயிலிருந்து வடிவதை 'வேஸ்ட் தண்ணி' என்பர். கலைச்சொல் பட்டியல் தொகுப்போர் முதலில் பெயரிட வேண்டிய நீர் இதுவே எனத் தோன்றுகிறது. 'கழிநீர்' எனில் சாக்கடையோடு கலந்துவிடும். 'உவர்நீர்' எனில் கடலும் கிணறும் நினைவுக்கு வரும். 'செறிநீர்' எனலாமா என்பதை வேதியியல் துறையினரும் வட்டார வழக்கை அறிந்தோரும் கூடி முடிவு செய்தல் வேண்டும்.